குளக்கரைக்கு நியூட்டனை அழைத்து வந்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நீந்தத் தெரியாது. கடலோர ஊரில் பிறந்து எழுபது வயதைத் தாண்டியவன் இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். ஆனாலும் இந்த வாரம் ஒரு டைவிங் பயிற்சியாளரைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம் என் பேத்தி.

2024 இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது தொலைக்காட்சியில் டைவிங் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. எட்டுத் தங்கத்தையும் சீனர்களே அள்ளிக்கொண்டு போன போட்டி அது. ஒரு பெண் பத்து மீட்டர் உயர மேடையிலிருந்து குதித்து, காற்றிலேயே குட்டிக்கரணம் போட்டு, நடுவில் உடலைத் திருகி, ஊசி மாதிரி தண்ணீருக்குள் இறங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி கேட்டாள்: "தாத்தா, அங்கே பிடிச்சுக்க எதுவுமே இல்லையே, எப்படித் திரும்புறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இயற்பியல் முசியே நியூட்டனின் மூன்று விதிகளையும் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பதை இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரெஞ்சில் ஒப்பிப்பேன். ஆனால் காற்றில் இருக்கும் ஒரு பெண் எதை உதைத்துத் திரும்புகிறாள் என்று கேட்டால் வாயடைத்துப் போகிறது. அந்த ஒப்பிப்பு எதற்குமே உதவவில்லை.

பேத்தியின் கேள்விக்காகத் தேடிப் படிக்கப் போய்த்தான் ஹோபி பில்லிங்ஸ்லி எனக்குக் கிடைத்தார். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1959 முதல் 1989 வரை முப்பது ஆண்டுகள் டைவிங் பயிற்சியாளராக இருந்தவர். பேத்தி கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார். நான் ஒப்பித்து நிறுத்திக்கொண்ட அதே விதிகளிலிருந்து அவர் பதிலைக் கண்டுபிடித்து, ஈரக்கால்களோடு நிற்கும் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னார். டைவிங் பயிற்சியில் நியூட்டனின் விதிகளை முறையாகப் பயன்படுத்திய முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

அவர் பிறந்தது 1926 டிசம்பரில், பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரத்தில். வளர்ந்தது பெருமந்தக் காலத்து வறுமையில். குதிப்பதில் கெட்டிக்காரர் என்பதால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அங்கே மைக் பெப்பே என்ற பயிற்சியாளர் அந்தக் கல்லூரியை அமெரிக்க டைவிங்கின் தலைமையிடமாகவே ஆக்கி வைத்திருந்தார். 1945 இல், முதலாண்டு மாணவனாக இருக்கும்போதே, கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் ஒரு மீட்டர், மூன்று மீட்டர் என்று இரண்டு துள்ளுபலகைப் பட்டங்களையும் பில்லிங்ஸ்லி வென்றுவிட்டார். பிறகு ராணுவ சேவைக்குப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது அதே குளத்தில் வேறு இருவர் நின்றிருந்தார்கள். ஒருவர் புரூஸ் ஹார்லன். இன்னொருவர் மில்லர் ஆண்டர்சன், போரில் விமானியாகப் போய்க் கால் நொறுங்கி, உலோகத் தகடு வைத்துச் சரிசெய்த காலோடு மீண்டும் குதிக்கக் கற்றவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மூன்று மீட்டரில் ஹார்லனுக்குத் தங்கம், ஆண்டர்சனுக்கு வெள்ளி. பில்லிங்ஸ்லி ஒலிம்பிக்குக்கே போகவில்லை. போட்டியாளராக அவர் ஒருநாளும் போனதில்லை. பதினெட்டு வயதில் உச்சிக்குப் போனவர், தன் சொந்தக் கல்லூரியிலேயே தன்னைவிடச் சிறந்தவர்களைப் பார்த்துக்கொண்டு மிச்ச வருடங்களைக் கழிக்க வேண்டியிருந்தது. அவர் நல்ல ஆசானானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இயல்பாகவே எல்லாம் வந்துவிடுகிறவனுக்கு 'ஏன்' என்று கேட்கத் தோன்றாது. பக்கத்தில் இருப்பவனுக்கு வருவது தனக்கு ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பவன்தான் கேட்பான்.

இப்போது 1959 க்கு வருவோம். இந்தக் கதையின் நடுமுடிச்சு அந்த ஆண்டில்தான் இருக்கிறது.

ஹார்லன் அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டைவிங் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் டைவிங் வீரர்கள் ஊர் ஊராகப் போய்ச் சாகசக் காட்சிகளும் கோமாளிக் காட்சிகளும் நடத்திச் சம்பாதிப்பது வழக்கம். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு தடுக்கி விழுவதுபோல் விழுந்து சிரிக்க வைப்பார்கள். பில்லிங்ஸ்லியும் அப்படிக் குதித்தவர்தான். 1959 ஜூனில் கனெக்டிகட் மாநிலத்தில் அப்படி ஒரு காட்சி முடிந்த பிறகு, தற்காலிகமாகக் கட்டிய சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஹார்லன் தவறி விழுந்து இறந்துபோனார். வயது 33. வாழ்நாள் முழுக்க உயரத்திலிருந்து குதித்தவர், குதிக்காத நேரத்தில் விழுந்து செத்தார். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

ஹார்லனின் இடத்துக்கு மிச்சிகனில் வந்தவர் அவருடைய மாணவரே, டிக் கிம்பால். அதே 1959 இல்தான் பில்லிங்ஸ்லி இண்டியானாவில் சேர்ந்தார். இரண்டு பல்கலைக்கழகங்களும் 'பிக் டென்' என்ற ஒரே போட்டிக் குழுமத்தைச் சேர்ந்தவை. ஆக, இறந்துபோன நண்பனின் மாணவன், இவருக்கு ஆண்டுதோறும் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் போட்டியாளன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இண்டியானாவில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு விசித்திரமானது. அங்கே நீச்சல் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மேன், 'டாக்' என்று உலகமே அழைத்தவர். அவரும் ஒஹாயோவில் பெப்பேயிடம் நீந்தியவர். நீரோட்டத்தையும் கைவீச்சையும் விஞ்ஞானமாகப் படித்தவர். பின்னாளில் மார்க் ஸ்பிட்ஸ் இவரிடம்தான் படித்தார். இப்படி இரண்டு அறிவாளிகள் ஒரே குளத்தில் சேர்ந்த நேரம் பார்த்து, 1960 இல், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு இண்டியானாவுக்கு நான்கு ஆண்டுத் தடை விதித்தது. குற்றம் கால்பந்து அணியுடையது, ஆள் சேர்ப்பதில் விதிமீறல். தண்டனையோ எல்லா விளையாட்டுகளுக்கும். கால்பந்தைத் தொட்டே பார்க்காத நீச்சல்காரப் பிள்ளைகளும் டைவிங் பிள்ளைகளும் தேசியப் போட்டிக்குப் போக முடியாது. ஒரு பிரிவு செய்த தப்புக்கு மொத்த அலுவலகத்துக்கும் குறிப்பாணை வருவதை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தடைக்காலத்தில் குழுமத்துக்குள் போட்டியிட வழி இருந்தது. 1961 இல் தொடங்கி 1980 வரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பிக் டென் பட்டம் இண்டியானாவுக்கே. தேசியப் பட்டம் 1968 முதல் 1973 வரை ஆறு முறை தொடர்ந்து. நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் நீச்சலும் டைவிங்கும் ஒரே அணி; டைவிங்கில் எடுக்கும் புள்ளிகள் அணியின் மொத்தக் கணக்கில் சேரும். அதனால் ஸ்பிட்ஸ் காலத்துப் பட்டங்களில் துள்ளுபலகைப் பிள்ளைகளின் பங்கும் உண்டு. புகைப்படங்களில் மட்டும் நீச்சல்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள்.

சரி, பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்கிறேன், விஞ்ஞானம் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

பலகையை விட்டுக் கால் கிளம்பிய கணத்திலேயே இரண்டு விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. ஒன்று, உடல் எந்தப் பாதையில் போய் எங்கே விழும் என்பது. இன்னொன்று, மொத்தத்தில் எவ்வளவு சுழற்சி கையில் இருக்கிறது என்பது. இரண்டையும் காற்றில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பலகையை உதைக்கும்போது பலகை திருப்பி உதைக்கிறதே, அந்த எதிர்விசைதான் முதலீடு. அதற்குப் பிறகு கையில் இருப்பதைச் செலவழிக்கும் விதம்தான் வித்தை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டையாகச் சுருண்டால் வேகமாகச் சுற்றும், நீட்டினால் மெதுவாகும். பத்து மீட்டரிலிருந்து விழ ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை நொடி. தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். அவ்வளவு நேரத்துக்குள் செலவுக் கணக்கு முடிய வேண்டும்.

திருகுவது இன்னும் அழகானது. குட்டிக்கரணத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது ஒரு கையை மேலேயும் மற்றதைக் கீழேயும் வீசினால், கைகள் ஒரு பக்கம் சுற்ற, உடம்பு எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்கிறது. எந்த விசைக்கும் எதிர்விசை, முசியே சொன்ன அதே விதி. சாய்ந்த உடம்பு குட்டிக்கரணமும் போட்டுக்கொண்டிருப்பதால் அந்தச் சுழற்சியில் ஒரு பகுதி திருகலாக மாறிவிடுகிறது. நிறுத்த வேண்டுமா, கைகளை எதிர்த்திசையில் மாற்றினால் போதும், உடம்பு நேராகிவிடும். பிடிமானம் வெளியில் எங்கும் இல்லை. தன் கையையே தனக்குப் பிடிமானமாக்கிக்கொள்கிறாள் அந்தப் பெண்.

இதில் எங்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று கண்டபோது எனக்கு அற்ப சந்தோஷம். 1894 இல் எத்தியேன் ழூல் மாரே என்ற விஞ்ஞானி, தலைகீழாக விடப்பட்ட பூனை காற்றிலேயே புரண்டு நாலு காலிலும் இறங்குவதை வரிசையாகப் படம் எடுத்துப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் காட்டினார். விடுகிறவனின் கையை உதைத்துத்தான் பூனை திரும்புகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் படங்கள் பெரிய அதிர்ச்சி. பூனை வளையும் முறையும் மனிதர் கைவீசித் திருகும் முறையும் ஒன்றல்ல, ஆனாலும் கேள்வி ஒன்றுதான்.

மாரேயின் படங்களுக்கும் பில்லிங்ஸ்லிக்கும் நடுவே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அவ்வளவு காலமும் குளக்கரைகளில் டைவிங் எப்படிக் கற்றுக்கொடுக்கப்பட்டது? நம்மூர்க் கிணற்றில் சொருகு அடிக்கக் கற்ற மாதிரிதான். அண்ணன் குதிப்பதைப் பார்த்துத் தம்பி குதிப்பான். வயிறு அடிபட்டுச் சிவந்தால் அடுத்த தடவை வேறு மாதிரி விழுவான். அது மோசமான முறை இல்லை, பல நல்ல வீரர்கள் அப்படித்தான் வந்தார்கள். ஆனால் அதில் ஆசான் 'இப்படிச் செய்' என்பதோடு நின்றுவிடுவார். பில்லிங்ஸ்லி 'இப்படிச் செய்தால் இது நடக்கும், ஏனென்றால்' என்று அடுத்த படிக்குப் போனார். 1965 இல் இதையெல்லாம் படங்களோடு ஒரு புத்தகமாகவும் போட்டார். காரணம் தெரிந்துவிட்டால் பிள்ளைக்குப் பயம் பாதி குறையும். பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை.

அப்படி நின்ற ஒரு பிள்ளைதான் லெஸ்லி புஷ். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனபோது அவளுக்கு 17 வயது. பத்து மீட்டர் மேடைக்கு அவள் புதியவள். எதிரில் கிழக்கு ஜெர்மனியின் இங்கிரிட் கிரேமர். 1960 ரோமில் இரண்டு தங்கம், டோக்கியோவிலேயே சில நாள் முன்பு துள்ளுபலகையில் இன்னொரு தங்கம். 1924 முதல் 1956 வரை மேடைப் போட்டியில் அமெரிக்கப் பெண்களே வென்று வந்தார்கள். அந்த வரிசையை ரோமில் அறுத்தவர் இந்தக் கிரேமர்தான். புஷ் 99.80 புள்ளி எடுத்தாள், கிரேமர் 98.45. ஒன்றரைப் புள்ளிகூட இல்லை வித்தியாசம். அதே டோக்கியோவில் ஆண்களுக்கான மூன்று மீட்டரில் தங்கம் வாங்கிய கென் சிட்ஸ்பெர்கரும் பில்லிங்ஸ்லியின் பிள்ளைதான். தேசியப் போட்டிக்கே வரக்கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட இடத்திலிருந்து ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம்.

அடுத்த மெக்சிகோவில் ஜிம் ஹென்றிக்கும் வின் யங்குக்கும் ஆளுக்கொரு வெண்கலம். பெண்களில் சிந்தியா பாட்டரைச் சொல்லாமல் போகக்கூடாது. அமெரிக்க தேசியப் பட்டங்கள் 28 வாங்கியவர். ஒலிம்பிக்கில் கிடைத்தது 1976 மாண்ட்ரியலில் ஒரு வெண்கலம் மட்டும். அடுத்த மாஸ்கோவை அமெரிக்கா புறக்கணித்தது. இருபத்தெட்டுக்கு ஒன்று. விளையாட்டின் கணக்கு இப்படியும் இருக்கிறது.

1980களுக்கு வந்தால் பில்லிங்ஸ்லி ஓய்வை நெருங்கிவிட்டார். அப்போது வந்தவன்தான் மார்க் லென்சி. வர்ஜீனியாவில் வளர்ந்த மல்யுத்தப் பையன். 1984 இல் கிரெக் லுகானிஸ் குதிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, மல்யுத்தத்தை விட்டு டைவிங்தான் என்று அடம்பிடித்தான். தகப்பனார் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டை விட்டே கொஞ்ச நாள் வெளியே போய் இருந்தான். பதினெட்டு வயதில், அதுவும் இரண்டே வருட அனுபவத்தோடு வரும் பையனை எந்தக் கல்லூரி எடுக்கும்? 1986 இல் உதவித்தொகை கொடுத்து அழைத்துக்கொண்டவர் பில்லிங்ஸ்லி. 1989 இல் ஒரு மீட்டரில் கல்லூரி தேசியப் பட்டம் லென்சிக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஆசான் ஓய்வு பெற்றார்.

மறு ஆண்டும் லென்சி பட்டம் வாங்கினான், அவருக்குப் பின் வந்த பயிற்சியாளரிடம். பிறகு மிச்சிகனுக்குப் போனான், டிக் கிம்பாலிடம். ஆமாம், ஹார்லனின் மாணவர், முப்பது ஆண்டுகள் பில்லிங்ஸ்லிக்கு எதிரே நின்ற அதே கிம்பால். 1991 இல் ஒரே குதிப்பில் நூறு புள்ளிக்கு மேல் எடுத்த முதல் ஆள் ஆனான் லென்சி. 1992 பார்சிலோனாவில் மூன்று மீட்டர் தங்கம். சீனாவின் தான் லியாங்டே தொடர்ந்து மூன்றாவது முறையாக வெள்ளியோடு நின்றார், பாவம்.

அந்தத் தங்கம் யாருடையது? பதிவேட்டில் கிம்பால் பயிற்சியாளர். அது நியாயம்தான், பார்சிலோனாவுக்குக் கூட்டிப்போனவர் அவர். ஆனால் வேறு யாரும் எடுத்திருக்க முடியாத ஒரு பையனை எடுத்து, மூன்று ஆண்டுகள் அடித்தளம் போட்டவர் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் வயதுக்கு வந்துவிட்டார். நான் எழுத்தராக இருந்த காலத்தில் நான் எழுதிய வரைவுகள் ஏராளமாக வேறு கையெழுத்தில் வெளியே போயிருக்கின்றன; எனக்கு அதில் மனக்குறை உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பில்லிங்ஸ்லியின் இடத்தில் நான் இருந்தால் புழுங்கியிருப்பேன். இன்னொரு விதமாகவும் யோசித்துப் பார்க்கிறேன். லென்சி போய்ச் சேர்ந்தது அந்நியரிடம் இல்லை. பெப்பேயின் குளத்திலிருந்து கிளம்பிய இரண்டு கிளைகளில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனான். ஹார்லன் உயிரோடு இருந்திருந்தால் அவனுடைய ஆசான் ஹார்லனாகவே இருந்திருக்கவும் கூடும்.

வென்ற பிறகு லென்சிக்கு நல்ல காலம் வரவில்லை. மனச்சோர்வில் விழுந்து, விளையாட்டை விட்டுவிட்டு, பிறகு ஒருவாறு எழுந்து வந்தான். 1996 அட்லாண்டாவில் வெண்கலம் வாங்கினான். அந்த அட்லாண்டா ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் நடுவர்கள் அனைவர் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் யார் என்றால், ஹோபி பில்லிங்ஸ்லி. வீரராகப் போக முடியாத ஒலிம்பிக்கில், அறுபத்தொன்பது வயதில், உலகம் முழுக்கப் பார்க்க நின்றார். அதே ஆண்டு இண்டியானாவில் திறந்த புதிய நீச்சல் வளாகத்துக்குக் கவுன்சில்மேன், பில்லிங்ஸ்லி இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு, பழைய சுழல் நாற்காலியில் பேத்தியை உட்கார வைத்தேன். இரண்டு கைகளிலும் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, கைகளை விரித்துக்கொள்ளச் சொல்லிச் சுற்றிவிட்டேன். "இப்போ கையை மார்போடு சேர்த்துக்கோ" என்றேன். சேர்த்தாள்; நாற்காலி விர்ரென்று வேகம் எடுத்தது. அலறிச் சிரித்துவிட்டு, "இன்னொரு தடவை தாத்தா" என்றாள். பாட்டி உள்ளேயிருந்து கத்தினாள்.

பில்லிங்ஸ்லி நீண்ட காலம் இருந்தார். தன் பிள்ளைகள் சிலரின் சாவையும் பார்த்தார். சிட்ஸ்பெர்கர் 1984 இல், 38 வயதில் போனார். லென்சி 2012 ஏப்ரலில், 43 வயதில். அப்போது லென்சியும் ஒரு கல்லூரியில் டைவிங் பயிற்சியாளர், வட கரோலினாவில். பில்லிங்ஸ்லி 2022 ஜூலையில் தன் 95 ஆவது வயதில் காலமானார். புரூஸ் ஹார்லனும் அவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள்.